"முன்னையதைப் போன்றது" என்பது நற்சான்றாகுமா?

(மாதர் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வாசகம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்கு ஏற்றதன்று என்று கருதுவோர் இச்சபையிலும் சிலர் இருக்கக்கூடும். வரும் வழியில் நண்பர் ஒருவர், "பெண்களின் உடம்பினுள்ளே வைக்கும் கருவிகளைப் பற்றிச் சபையிலே பேசுவதா?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன மறுமொழியையே இங்கும் சொல்லுகின்றேன். அக்கருவிகளைப் பற்றி அமெரிக்காவின் செனற் சபை பேசியிருக்கின்றது. நீதிமன்றங்கள் ஆயிரமாயிரம் பக்கங்கள் எழுதியிருக்கின்றன. அவற்றைச் செய்த கம்பனிகள் கோடிக்கணக்கான டொலர்களால் பேசியிருக்கின்றன. வாய்மூடி இருந்தவர்கள் யாரென்றால், அவற்றைத் தம் உடம்பிலே சுமந்த பெண்கள்தாம். வெட்கத்தினாலும், "வைத்தியருக்குத் தெரியாததா?" என்ற மரியாதையினாலும் அவர்கள் பேசாதிருந்தார்கள். அந்த மௌனத்துக்குக் கிடைத்த கூலி என்னவென்பதை இனிக் கேளுங்கள்.

நான் வைத்தியத் தொழில் செய்பவன் அல்லன். சட்டம் படித்தவன். ஆதலால் எந்தக் கருவி நல்லது, எது தீயது என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு கருவியைச் சந்தைக்கு விடுமுன் அரசு அதனை என்ன கேள்வி கேட்கின்றது என்பதே என் விஷயம். "இது பாதுகாப்பானதா?" என்று கேட்பது ஒன்று. "இது முன்பு விற்றதைப் போன்றதா?" என்று கேட்பது வேறொன்று. இரண்டும் ஒன்றேயென்று உலகம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையிலேதான் துன்பம் விளைந்தது.

அமெரிக்க நாட்டிலே 1970ஆம் ஆண்டுக்கு முன்னும் மருந்துக்குச் சட்டம் இருந்தது. ஒரு மாத்திரையை விற்பதாயின் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகத்தின் முன்னனுமதி வேண்டும். ஆனால் உடம்பினுள்ளே ஆண்டுக்கணக்கிலே கிடக்கப்போகும் கருவிக்கோ அத்தகைய அனுமதி தேவைப்படவில்லை. விற்கலாம், கேடு விளைந்தால் நிருவாகம் பின்னாலே வந்து பார்க்கும். விழுங்கினால் சட்டம், உள்ளே வைத்தால் சட்டமில்லை என்பது அக்கால நியாயம்!

இந்தத் திறந்த வாசலால் நுழைந்ததுதான் "டல்கன் ஷீல்ட்" என்னும் கருத்தடைச் சாதனம். எம் பெண்கள் லூப் என்று சொல்வார்களே, அந்த இனத்தைச் சேர்ந்தது. பெயரின் பொருள் கேடயம். உருவமோ நண்டு போன்றது, இருமருங்கும் கால்கள். அதனை ஆக்கியவர்களுள் ஒருவர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொக்டர் ஹியூ டேவிஸ். 1970ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு வைத்திய சஞ்சிகையில் அவர் கட்டுரை எழுதினார். 640 பெண்களிடத்தே பரிசோதித்ததாகவும், நூற்றுக்கு 1.1 பேரே கருவுற்றதாகவும் அதிலே கண்டிருந்தது. அந்தச் சாதனத்தின் விற்பனையிலே தமக்குப் பங்கு உண்டென்பது அதிலே காணப்படவில்லை! அதற்குச் சற்று முன்னர்தான், கருத்தடை மாத்திரைகளின் தீங்குகளை ஆராய்ந்த செனற் சபைக் குழுவின் முன் அவர் சாட்சி சொன்னார். மாத்திரைகள் கெடுதலானவை என்று அவர் அங்கே எச்சரித்ததும், மாத்திரையை விட்டொழிந்த பெண்கள் தேடத்தக்க பொருளொன்று அவர் கையிலே தயாராக இருந்ததும் தற்செயல் என்று கொள்வோர் கொள்ளட்டும்.

அதே ஆண்டு ஜூன் மாதம் வேர்ஜினியா மாநிலத்து ஏ. எச். றொபின்ஸ் கம்பனி ஏழரை இலட்சம் டொலரும், விற்பனையில் வீதப்பங்கும் கொடுத்து அதனை வாங்கியது. இருமல் மருந்துக்கும், உதட்டுக்குப் பூசும் பசைக்கும், நாயின் கழுத்திலே கட்டும் உண்ணிப் பட்டிக்கும் பேர்போன கம்பனி அது. கருத்தடைச் சாதனம் எதனையும் அதற்குமுன் அது விற்றதில்லை. 1971 ஜனவரியில் சாதனம் சந்தைக்கு வந்துவிட்டது. வாங்கியதற்கும் விற்றதற்கும் இடையே ஏழு மாதங்கள்.

குற்றம் நண்டின் காலிலே மட்டும் இருக்கவில்லை, வாலிலே இருந்தது. சாதனம் உள்ளே இருக்கின்றதா என்று பார்ப்பதற்கும், வேண்டும்போது வெளியே எடுப்பதற்கும் அதிலே ஒரு நூல் தொங்கும். மற்றைச் சாதனங்களிலே அது ஒற்றை இழை. இதிலோ நூற்றுக்கணக்கான மெல்லிழைகளை ஒன்றாய்த் திரட்டி, மேலே நைலோன் உறையிட்டிருந்தார்கள். உறையின் முனைகளோ அடைக்கப்படவில்லை. விளக்குத்திரி எண்ணெயை மேலே இழுப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம் அல்லவா? அவ்வாறே அந்த நூல், கிருமிகள் மலிந்த இடத்திலிருந்து கிருமிகளற்ற கருப்பைக்குள்ளே நீரை இழுத்துச் சென்றது. நீரோடு கிருமியும் சென்றது. இதனைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சிசாலை வேண்டியிருக்கவில்லை. தொழிற்சாலையிலே தரம் பார்க்கும் ஊழியர் ஒருவர், நூலின் ஒரு முனையைத் தண்ணீரிலே தோய்த்து வைத்து, மறுமுனை வரை நீர் ஏறுவதைக் கண்டு மேலதிகாரிகளுக்கு 1971ஆம் ஆண்டிலேயே அறிவித்தார். அவருடைய அறிவிப்பு விற்பனையைத் தடுக்கவில்லை.

சாதனம் உள்ளிருக்கவே கருவுற்ற பெண்கள் பலர். அவர்களுள் சிலருக்கு நடுமாதங்களிலே கிருமி தொற்றிக் கருச்சிதைவு நேர்ந்தது. சில நாட்களிலேயே உயிர் போயிற்று. அமெரிக்காவிலே மட்டும் பதினைந்துக்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டார்கள். இறவாது தப்பியவர்களுள் பல்லாயிரவர் இடுப்பறை அழற்சியால் நொந்தார்கள். பிள்ளை பெறும் பேற்றை இழந்தார்கள். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட விரும்பியவளுக்கு அது என்றைக்குமே இல்லையென்றாயிற்று.

1974 ஜூன் மாதத்திலே, நிருவாகம் கேட்டுக்கொண்டதன் பேரில், கம்பனி அமெரிக்காவிலே விற்பனையை நிறுத்தியது. அதன் பின்னரும் வெளிநாடுகளிலே விற்பனை சிலகாலம் நடந்தது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவித் திணைக்களம், இச்சாதனங்களைக் கிருமிநீக்கம் செய்யாமலே மொத்தப் பொதிகளாக, ஏறத்தாழ அரைவிலைக் கழிவிலே வாங்கி வறிய நாடுகளுக்கு வழங்கியதென்று 1979இல் மதர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கச் சஞ்சிகை அம்பலப்படுத்தியது. உள்ளூரிலே ஒரு நியாயம். கடலுக்கு அப்பால் வேறொரு நியாயம். 1985 ஓகஸ்டில் றொபின்ஸ் கம்பனி வங்குரோத்து மனுச் செய்தது. பாதிக்கப்பட்டோருக்கென நீதிமன்றத்தின் மேற்பார்வையில் ஏறக்குறைய 250 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. பணம் வந்தது. பிள்ளை வருமா?

இந்த அழுகுரலின் பயனாகப் பிறந்த சட்டம் ஒன்றுண்டு. 1976ஆம் ஆண்டு மே 28ஆந் திகதி ஜனாதிபதி போர்ட் கையொப்பமிட்ட மருத்துவக் கருவிகள் திருத்தச் சட்டமே அது. கருவிகளையெல்லாம் ஆபத்தின் அளவுக்கேற்ப மூன்று வகுப்புகளாக அது பிரித்தது. மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தவற்றுக்குப் பாதுகாப்பையும் பயனையும் ஆதாரங்காட்டி நிறுவி, முன் அங்கீகாரம் பெறவேண்டும் என்று விதித்தது. நல்ல சட்டம். ஆனால் முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டவர்கள் பக்கவாசல் ஒன்றையும் வைத்தார்கள். 1976ஆம் ஆண்டுக்கு முன் சந்தையிலே இருந்த ஒரு கருவிக்குத் தம் கருவி "கணிசமான அளவில் ஒப்பானது" என்று காட்டினால், புதிய பரிசோதனை இல்லாமலே விற்கலாம். சட்டத்தின் 510ஆம் பிரிவிலே கே என்னும் உட்பிரிவு இது. "510 கே" என்றே வைத்தியத் துறையினர் அழைப்பர். சிறு மாற்றங்களுக்கென வைத்த அந்தப் பக்கவாசலே நாளடைவிலே பெருவாசலாகிவிட்டது.

இரண்டு வாசல்களுக்கும் எவ்வளவு வேற்றுமை? அமெரிக்க உயர்நீதிமன்றமே 1996இல் ஒரு வழக்கிலே கணக்குச் சொல்லியிருக்கின்றது. முன் அங்கீகார மனு ஒன்றை ஆராய நிருவாகம் செலவிடுவது ஏறத்தாழ 1,200 மணித்தியாலம். ஒப்புமை மனு ஒன்றுக்குச் செலவிடுவது 20 மணித்தியாலம். ஒப்புமை விசாரணை ஒப்புமையைத்தான் பார்க்கின்றது, பாதுகாப்பை அன்று என்றும் அதே நீதிமன்றம் கூறியது.

காணி உறுதி எழுதுவித்த அனுபவம் உங்களுள் பலருக்கு உண்டு. உறுதியின் செல்லுபடி மூல உறுதியிலே தங்கியிருக்கின்றது. மூல உறுதி கள்ள உறுதியென்று தீர்ப்பானால், அதன் வழிவந்த உறுதிகள் அத்தனையும் விழும். இது எம் ஊர்ப் பிள்ளைகளும் அறிந்த நியாயம். கருவிச் சட்டத்திலே அப்படியில்லை. மூலக் கருவி கெட்டதென்று கண்டு கம்பனி தானாகவே அதை மீளப்பெற்றாலும், அதைக் காட்டி அனுமதி பெற்ற பிள்ளைக் கருவியும், பேரக் கருவியும் தொடர்ந்து விற்கப்படலாம். இது கற்பனையன்று. நடந்தது.

பிள்ளைபெற்ற தாய்மாருக்குச் சிறுநீர் அடக்க முடியாமற் போவதும், கருப்பை கீழிறங்குவதும் உண்டு. இருமினாலும், தும்மினாலும், பாரம் தூக்கினாலும் வரும் அவதி. சொல்லவும் கூச்சம். இதற்கெனப் பொஸ்ரன் சயன்ரிபிக் என்னும் கம்பனி "புரொட்டிஜென்" என்ற செயற்கைத் தொட்டில்நாடாவை 1996இல் ஒப்புமை வாசலால் கொண்டுவந்தது. அது உள்ளே கிடந்து சதையை அரித்தது. 1999 ஜனவரியில் அது மீளப்பெறப்பட்டது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னர், 1998 ஜனவரியில், ஜோன்சன் அன்ட் ஜோன்சனின் கிளையாகிய எதிக்கன் கம்பனி, அந்தப் புரொட்டிஜெனையே ஒப்புக்காட்டித் தன் நாடாவுக்கு அனுமதி பெற்றிருந்தது. மூலம் போயிற்று, வழித்தோன்றல் நின்றது, அதனைக் காட்டி வேறு பல நாடாக்களும் வந்தன.

நியாயம் தவறக்கூடாது. எதிக்கனின் அந்த நாடா வேறு பொருளால் வேறு முறையில் ஆனது. அதுபற்றிப் பின்னாலே பல ஆய்வுகள் நடந்தன. அவ்வகை நாடாக்களால் நன்மை பெற்ற பெண்களும் அநேகர். நான் குறைசொல்வது அதனையன்று. அது நல்லதாய் அமைந்தது என்றால், அந்த நன்மையை அனுமதி கொடுத்த நாளிலே கேட்டறியவில்லையே என்பதுதான் என் முறைப்பாடு. கண்ணை மூடிக்கொண்டு வீதியைக் கடந்தவன் மறுகரை சேர்ந்துவிட்டான் என்பதற்காகக் கண் வேண்டாமென்று சொல்வோமா?

கருப்பை இறக்கத்துக்கான வலையின் கதை இன்னும் கொடியது. குடலிறக்கத்துக்கு வயிற்றுச் சுவரிலே தைக்கும் பொலிப்புரொப்பிலீன் வலைகள் நெடுங்காலமாக உள்ளன. வலைதானே, அங்கே தைத்ததை இங்கேயும் தைக்கலாமே என்ற ஒப்புமையிலே, பிறப்புவழியாக வைக்கும் வலைகளுக்கு 2002ஆம் ஆண்டு முதல் அனுமதி கிடைத்தது. வயிற்றுச் சுவர் வேறு. ஈரமும், அசைவும், தாம்பத்தியமும், கிருமியும் உள்ள அந்த மென்மையான இடம் வேறு என்று ஒரு மருத்துவிச்சி சொல்லியிருப்பாள். எதிக்கனின் "புரோலிப்ற்" என்னும் வலைத்தொகுதியோ அந்த ஒப்புமை மனுவைக்கூடக் கொடுக்காமல் 2005ஆம் ஆண்டிலே விற்பனைக்கு வந்தது. முன்னையதை நிகர்த்ததாதலால் கேட்கவேண்டியதில்லை என்று கம்பனி தானே தீர்மானித்துக்கொண்டது! வேறொரு மனுவை ஆராய்கையில் 2007இல் நிருவாகம் இதனை அறிந்தது. அறிந்து என்ன செய்தது? 2008 மே மாதம் அனுமதி கொடுத்தது.

முள்ளுக்கம்பியைக் கட்டிய வேலிக் கிளுவையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில ஆண்டிலே மரம் கம்பியை விழுங்கிவிடும். பிறகு கம்பியை எடுப்பதானால் மரத்தைக் கிழிக்கவேண்டும். வலையும் அத்தகையதே. அதன் கண்களினூடே சதை வளர்ந்துவிடும். அது சுருங்கினால் வலி. உறுப்பின் சுவரை அரித்து வெளித்தோன்றினால் இரத்தமும் தொற்றும். இருக்கமுடியாது, நடக்கமுடியாது; கணவனோடு வாழ்தலும் நோவாகிவிடும். அகற்றுவதற்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சத்திரசிகிச்சைகள். அப்படியும் முழுவதும் வாராது. 2008 ஒக்ரோபரில் நிருவாகம் எச்சரிக்கை விடுத்தபோது, மூன்றாண்டுகளிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் வந்திருப்பதாகவும், சிக்கல்கள் அரிதானவையென்றும் கூறியது. அதன்பின் மூன்றாண்டுகளிலே மேலும் 2,874 முறைப்பாடுகள். 2011 ஜூலையில் "அரிது" என்ற சொல்லை அதுவே மீட்டுக்கொண்டது. இறக்கத்துக்கான வலைகளின் சிக்கல் அரிதன்று என்றது. 2016 ஜனவரியில் அவ்வலைகள் மூன்றாம் வகுப்புக்கு மாற்றப்பட்டன. 2019 ஏப்ரில் மாதம், எஞ்சியிருந்த இரு கம்பனிகளும் விற்பனையை நிறுத்தவேண்டுமெனக் கட்டளை பிறந்தது. பயனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்பதே காரணம். 2002இலே கேட்டிருக்கவேண்டிய கேள்வி 2019இலே கேட்கப்பட்டது. இடையிலே வைத்த வலைகள் எத்தனை! 2010ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவிலே ஏறத்தாழ 75,000 பெண்களுக்கு இவ்வாறு வைக்கப்பட்டதென நிருவாகத்தின் மதிப்பீடு. நாடாவும் வலையும் சேர்த்து, மேற்கு வேர்ஜினியாவின் ஒரே நீதிமன்றத்திலே குவிந்த வழக்குகள் ஒரு இலட்சத்துக்கும் மேல்.

அப்படியானால் முன் அங்கீகார வாசலால் வருவனவெல்லாம் குற்றமற்றனவா? அதுவும் இல்லை. கருக்குழாயை அடைக்கும் "எஷூர்" என்னும் கம்பிச்சுருள் 2002 நவம்பரில் அந்த உயர்ந்த வாசலாலேயே வந்தது. பரிசோதனை சில நூறு பெண்களிடத்தே, குறுகிய காலம் நடந்தது. பின்னர் வலியும், குருதிப் பெருக்கும், சுருள் இடம்பெயர்தலும் எனப் பல்லாயிரம் முறைப்பாடுகள். 2018 முடிவிலே பேயர் கம்பனி அமெரிக்காவிலும் விற்பனையை நிறுத்தியது. இதிலே சட்டத்தின் விசித்திரம் ஒன்றுண்டு. முன் அங்கீகாரம் பெற்ற கருவியின் மீது மாநிலச் சட்டத்தின்படி நட்டஈடு கேட்பதற்குப் பெருந்தடை உண்டென்று 2008இல் உயர்நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே சோதித்துப் பார்த்த கருவியால் நொந்தவளுக்கு நீதிமன்றக் கதவு பாதி சாத்தியிருந்தது. சோதியாத கருவியால் நொந்தவளுக்கோ அது திறந்திருந்தது! எஷூர் வழக்குகள் பல அந்தத் தடையிலே முட்டி மோதின. 2020இல் பேயர் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஏறத்தாழ 160 கோடி டொலருக்கு இணக்கங் கண்டது.

ஒப்புமை வாசலைப் பற்றி நிருவாகமே ஒரு நிபுணர் குழுவைக் கேட்டது. மருத்துவ நிறுவனம் என்னும் அறிஞர் சபையின் அக்குழு 2011 ஜூலையில் சொன்னது: இம்முறை பாதுகாப்பை அளக்கும் கருவியாக இருக்க இயலாது, இதனைத் திருத்திப் பயனில்லை, வேறொன்றை வையுங்கள். நிருவாகம் இணங்கவில்லை. அந்த வாசல் இன்றும் திறந்தே இருக்கின்றது.

பிரித்தானியாவிலே சீமாட்டி கம்பர்லெஜ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு எழுநூறுக்கு மேற்பட்டோரின் வாய்மொழியைக் கேட்டு, 2020 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. என் மனத்தை உலுக்கியது கருவியின் குற்றமன்று. வலி என்று சொன்ன பெண்களை, "இது உன் வயதுக் கோளாறு, உன் மனப்பிரமை" என்று திருப்பி அனுப்பினார்களே, அதுதான். எத்தனை பெண்களுக்கு வலை வைக்கப்பட்டது என்பதற்கே சரியான பதிவேடு இருக்கவில்லை. தன் உடம்பிலே இருப்பது எந்தக் கம்பனியின் எந்தப் பொருள் என்று அறியாத பெண்ணுக்கு, அது மீளப்பெறப்பட்டது என்ற செய்தி பத்திரிகையிலே வந்தாலும் என்ன பயன்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். இலங்கையிலே மருத்துவக் கருவிகளுக்கு 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. அதன் இடத்தில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்து, மருந்துகளையும் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபையை அமைத்தது. பதிவு செய்யாத கருவியை இறக்குமதி செய்தல் குற்றம். நன்று. ஆயினும் கருவி கப்பலிலே வரும்போது அதனோடு ஒரு கடதாசியும் வருகின்றது: அமெரிக்காவிலே அனுமதி பெற்றது என்று. அக்கடதாசியைக் கண்டதும் நம் கண்கள் மங்கிவிடுகின்றன. எந்த வாசலால் பெற்றது? எதற்கு ஒப்பானதென்று காட்டிப் பெற்றது? ஒப்புக்காட்டிய அந்தக் கருவி இன்று சந்தையிலே இருக்கின்றதா, மீளப்பெறப்பட்டதா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை ஒளித்து வைக்கப்பட்டதன்று. அமெரிக்க நிருவாகத்தின் பகிரங்கப் பதிவேட்டிலே தேடினால் பெரும்பாலும் அகப்படும். தேடுவதற்கு ஆளும் மனமும் வேண்டும்.

ஆகையினாலே, தலைவர் அவர்களே, இச்சபையின் முன் பிரேரணை ஒன்றை வைக்கின்றேன். பெண்ணொருத்தியின் உடம்பினுள்ளே நிலையாக வைக்கப்படும் கருவி எதுவாயினும், அது அரசினர் வைத்தியசாலையாயினும் தனியார் வைத்தியசாலையாயினும், அக்கருவியின் பெயர், செய்த கம்பனி, தொகுதி இலக்கம், வைத்த திகதி என்பவற்றை அவள் வாசிக்கக்கூடிய மொழியிலே எழுதி, அவள் கையிலே கொடுத்தல் வேண்டும்; அதன் பிரதி வைத்தியசாலையிலும் அதிகாரசபையிலும் இருத்தல் வேண்டும்; அக்கருவி வந்த வாசல் எதுவென்பதைப் பதிவு செய்யும்போதே அதிகாரசபை வெளியிடல் வேண்டும். இதனைச் சுகாதார அமைச்சருக்கும் அதிகாரசபைத் தலைவருக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொள்ளுகின்றேன். இதனை ஆமோதிப்பவர் இங்கே கூடியிருக்கும் தாய்மாருள் ஒருவராக இருக்கவேண்டுமென்பது என் விருப்பம்.